சிவப்புக் கோடும் பச்சைக் கோடும்

அட்டுவம்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய டாக்டர் செல்வமுருகன் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை வெயிலில் நீங்களும் உங்கள் கல்லூரியாரும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே குளிரைத் தவிர வேறு குறையில்லை.

கேத்தரின் லூர்துசாமி ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டாள் என்று வில்பட்டி பஸ்ஸில்கூடப் பேசுகிறார்களாம். அது தவறு. நான் கெடுக்கவில்லை, ஒழுங்குபடுத்தினேன்.

பல்செட்டை ராத்திரி மாத்திரை கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டால் கிருமி நெஞ்சுக்குப் போகாமல் நிமோனியா குறையுமா, வாய்ப்புண் ஆறி வயதானவர்கள் நன்றாகச் சாப்பிடுவார்களா என்று பார்க்க எங்கள் மாதா கோயில் பங்கு மாதர் சங்கத்தில் பதினான்கு பேரைச் சேர்த்தீர்கள், ஏழு பேருக்குச் சிவப்புக் கோடு போட்ட டப்பா, ஏழு பேருக்குப் பச்சை, ஒன்றில் மருந்து உண்டு, மற்றதில் இல்லை, எதில் என்று உங்கள் நர்ஸ் சுசித்ராவுக்கே தெரியாது; தனக்கே தெரியாததை விநியோகிப்பது என்ன நிர்வாகம் என்று அன்றைக்கே கேட்டேன், "தெரிஞ்சா ஆராய்ச்சி கெட்டுப்போயிரும்மா" என்று சிரித்தாள். அடுத்த மாதம் புது டப்பாக்கள் வந்த அன்று பக்கத்து வீட்டு அமலி வந்து, "ஏங்க்கா, செவப்புதான் நல்ல சரக்காம், பச்சை எதுக்கும் ஆகாதாம். எங்களுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனைங்க?" என்றாள். கேக் வந்தாலும் கம்பளி வந்தாலும் ஒரே மேஜையில் வைத்துச் சமமாகப் பிரிப்பதுதான், நான் தலைவியான இந்தப் பதினோரு வருடமும் சங்கத்தின் வழக்கம். ஆகவே பதினான்கு டப்பாக்களையும் தாம்பாளத்தில் கொட்டிக் கலந்து, ஆளுக்கு முப்பது எண்ணிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கினேன். தினமும் சாப்பிட்டதை எழுத நீங்கள் கொடுத்த நோட்டுகளையும் நான்தான் திருத்தினேன். அமலி 'கொஞ்சம் கறி' என்று எழுதியிருந்தாள், கொஞ்சம் என்பது ஓர் அளவா? 'மூன்று துண்டு' என்று மாற்றவைத்தேன்.

விஷயத்தைக் கேட்ட சுசித்ரா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எது எதுன்னு இனி ஆண்டவருக்குத்தாம்மா தெரியும்."

"அவருக்குத் தெரிஞ்சாப் போதும். காபியைக் குடி" என்றேன்.

இப்போது பதினான்கு பேரையும் நீக்கிவிட்டதாக உங்கள் கடிதம் வந்திருக்கிறது. என்னை நீக்குங்கள், வருத்தமில்லை. அமலிக்குப் போன மழைக்காலத்தில் இரண்டு தடவை நிமோனியா. மாதம் தவறாமல் அவள் நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பது உங்கள் ஆட்கள் மட்டும்தான். மேடேறி ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்கு மூச்சு காணாது. மாத்திரையைக் கலந்தது என் கை, அவளுடையதல்ல. புது டப்பாக்களோடு முதலிலிருந்து தொடங்குங்கள். பதினான்கு பேருக்கும் நான் பொறுப்பு. ஒவ்வொரு மாத்திரையும் பல்செட்டில்தான் கரையும்.

உங்கள் வீட்டாருக்கும், கோபம் தணிந்திருந்தால் சுசித்ராவுக்கும், என் ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
கேத்தரின் லூர்துசாமி

பி.கு.: உறையை ஒட்டுமுன் அமலி வந்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா, மாத்திரையை யாரும் பல்செட்டுக்குப் போடலைங்க. டீ ஃபிளாஸ்க்குக்குத்தான் போட்டோம். செவப்பு வெரசாக் கறையை எடுத்துச்சு. பச்சை போட்டா கறை அப்படியே கெடக்கு" என்றாள். பதின்மூன்று வீட்டு ஃபிளாஸ்க்கும் இப்படித்தானாம். முறைப்படி ஊறப்போட்டவள் நான் ஒருத்திதான். ஒருத்தியை வைத்து ஆராய்ச்சியைத் தொடர முடியுமா, முடியாவிட்டாலும் அமலியின் நெஞ்சைப் பார்க்க ஆள் வருமா, இரண்டுக்கும் எழுத்தில் பதில் அனுப்பவும்.