சம்பந்திக்குக் கொடுத்த குளிசை

மற்றவர்களை விடு மல்லிகா, ஏழு நாளைக்குக் குளிசை எழுதித் தருகிற டாக்டரை நானே முந்தி நம்பியதில்லை. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடுகிறது. மிச்சக் குளிசை யாருக்கு? டாக்டரும் பாமசிக்காரனும் மச்சான்மாராகத்தான் இருப்பார்கள் என்பது என் சந்தேகம். (எழுத்து தெரியாதவளுக்குச் சந்தேகம்தானே படிப்பு!)

என் மகள் கலாவைப் பெண் பார்க்க வந்த வருஷம் அது. அவர்கள் வருவதற்கு முந்தின வாரம் என் தொண்டையில் சீழ் வைத்து, அம்பிட்டியவில் ஒரு டாக்டர் சிவப்பும் மஞ்சளுமாகக் குளிசை எழுதினார். பென்சிலின் வகையாம். எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று, ஏழு நாள். மூன்றாம் நாள் சோறு இறங்கியது, நிறுத்திவிட்டேன். கலா கேட்டபோதெல்லாம் குடித்தாயிற்று என்று பொய் சொன்னேன். மிச்சம் அட்டையோடு என் சுருக்குப் பையில் இருந்தது.

குண்டசாலையிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். கலாவுக்கு அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அந்த அம்மாவோ கதிரையில் உட்கார்ந்தவர் முறுக்கைத் தொடவே இல்லை. பெண் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டால், தொண்டை நோகிறது, விழுங்க முடியவில்லை என்றார்.

அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது. விருந்தாளியைச் சும்மா விடுவேனா? சுருக்குப் பையைத் திறந்தேன்.

"இத ஒண்ணு போட்டுக்குங்க சம்பந்தி. பென்சிலினாம், எனக்கு மூணே நாள்ல கேட்டுச்சு."

அவர் குளிசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டீயோடு விழுங்கினார். எனக்கு ஒரே பெருமை. (டாக்டருக்குக் காசு கொடுப்பானேன், நான் இருக்க?)

கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். அந்த அம்மா கையைச் சொறிந்தார். பிறகு கழுத்தை. நடிப்போ என்று பார்த்தேன் மல்லிகா! சீர் கூட்டிக் கேட்க இப்படியும் ஒரு வழியா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் உதடு பணியாரம் மாதிரி ஊதிவிட்டது. உதட்டை யாரால் அப்படி நடிக்க முடியும்? மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. மாப்பிள்ளை கைத்தாங்கலாகத் தூக்க, கலா த்ரீவீலர் பிடிக்க ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அவரை உடனே கட்டிலில் போட்டு ஊசி குத்தினார்கள். என்ன சாப்பிட்டார் என்று ஒரு சின்ன டாக்டரம்மா கேட்டார். டீ என்றேன். வேறு? டீ மட்டும்தான் என்றேன். குளிசை கொடுத்தபோது முற்றத்தில் நின்ற மாப்பிள்ளை, வேறென்ன என்பதுபோல் என்னையே பார்த்தார். குளிசை என்று சொன்னால் சம்பந்தம் போச்சு, கலா வாழ்க்கையும் போச்சு. சொல்லாவிட்டால்? அந்த விசில் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

"அம்மா, உண்மைய சொன்னாதான் என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும்," என்றார் டாக்டரம்மா.

அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்கு எழுதின மருந்து?"

"எனக்குத்தாங்க."

"அப்ப ஏன் இவ்வளவு மிச்சம் இருக்கு?"

கலா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, நான் எந்த ஊசியையும் தாங்கிக்கொள்வேன், அதைத் தாங்க முடியவில்லை.

மூச்சு சரியானதும் சம்பந்தியிடமும் கேட்டார்கள். சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் ஊதியதாம், இனிப் போடவே கூடாது என்றார்களாம்.

"பொறகு ஏம்மா இத முழுங்கினீங்க?"

"இது ஊசி இல்லையே, குளிசைதானேன்னு நெனச்சேங்க. பொண்ணு வீட்டுல குடுத்தத எப்புடி வேணாங்கிறது?"

ஊசியோ குளிசையோ பென்சிலின் பென்சிலின்தான், இனி எந்த டாக்டரிடமும் முதலில் இதைச் சொல்லுங்கள் என்று அவருக்கு ஒரு திட்டு. எனக்கு இரண்டு. என் மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்ததற்கு ஒன்று, நோவு விட்டதும் நிறுத்தியதற்கு ஒன்று. (அந்த வாரமே என் தொண்டை திரும்பவும் நொந்தது. டாக்டரிடம் போய், கலா முன்னால் நின்று பார்க்க, இந்தத் தடவை கடைசிக் குளிசை வரைக்கும் குடித்தேன்.)

மறுநாள் சம்பந்தியைப் பார்க்கப் போனேன், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வரச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே. அவர் ஊதிய உதட்டோடு, "நீங்க கடைசி வரைக்கும் மறைச்சிருந்தா பொண்ணு வேணாமுன்னிருப்பேன். பொறகாச்சும் சொல்லிட்டீங்க, அது போதும்," என்றார்.

கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் நான் பாலும் பழமும் கொண்டுபோய் நீட்டினேன். சம்பந்தி அத்தனை பேருக்கும் கேட்க, "மொதல்ல நீங்க குடிங்க சம்பந்தி," என்றார். மண்டபமே சிரித்தது. இன்றைக்கும் அப்படித்தான். நான் ஒரு வாய் குடித்துக் காட்டாமல் என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார். மாப்பிள்ளை போன் எடுத்தால் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். போன மாதம் எனக்குப் பல்லில் சீழ் என்று தெரிந்ததும் சம்பந்தி தினமும் வீடியோவில் வந்து வெற்று அட்டையைத் தூக்கிக் காட்டுங்கள் என்கிறார். காட்டினாலும், நாக்குக்கு அடியில் ஒளித்திருப்பேனோ என்று வாயைத் திறக்கச் சொல்…

ஐயோ, பருப்பு அடிப்பிடிக்கிறது. இரு மல்லிகா, இறக்கிவிட்டு வருகிறேன்.