மண்டபம் நிறைய ஆள் வேண்டும்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

மதிப்பிற்குரிய மச்சான் அருணகிரி அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் கோதண்டராமன் வணக்கத்துடன் எழுதுவது. ஆபரேஷன் ஆன முழங்கால் இப்போது மடங்குகிறதா? அக்கா சௌக்கியமா? இங்கே அண்ணாமலையார் புண்ணியத்தில் அனைவரும் சுகம். என் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. நம் பையன் விமல்ராஜின் ரிசப்ஷனுக்கு நீங்கள் வர முடியாதது எங்களுக்குப் பெரிய குறை. போட்டோவைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்குப் பின்னால் ஏன் ஒரு புலி நிற்கிறது, முன்வரிசையில் காவித் துண்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று போனில் கேட்டீர்கள். அது போனில் சொல்லி முடிகிற கதையில்லை.

மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். முகம் தெரிகிற கிரானைட் தரை, சுவரெல்லாம் டைல்ஸ், இரண்டு பக்கமும் கண்ணாடி, கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல உயரமான கூரை. பார்த்ததும் மயங்கிவிட்டேன். மத்தியானம் நம் நந்தினி தன் பாட்டுக் குழுவோடு பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். அண்ணன் எங்கே, அண்ணி எங்கே என்று கேட்காமல் மண்டபத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினாள். மண்டபம் திருப்பித் தட்டியது, மறுபடி தட்டியது, தட்டிக்கொண்டே இருந்தது. குழந்தையின் முகம் வாடிவிட்டது.

உங்களுக்குத் தெரியாததா? அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உங்கள் தங்கை வேதாவுக்குக் காது மெஷின்தான் துணை. வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசினால் நன்றாகக் கேட்கும். மண்டபங்களில் எல்லாச் சத்தமும் குழம்பி இரைச்சலாக விழுவதால், மெஷினைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு, யார் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருப்பாள். மகள் மேடையில் பாடி அவள் கேட்டதே இல்லை. அம்மா காதில் ஒரு பாட்டாவது தெளிவாக விழ வேண்டும் என்பதற்காகவே நந்தினி இந்தக் கச்சேரிக்கு ஒத்துக்கொண்டாள்.

சவுண்ட் சர்வீஸ் மூர்த்தி நல்ல மனிதர், உதவ வேண்டும் என்ற எண்ணம் ஜாஸ்தி. "கவலப்படாதீங்க சார், இன்னும் ரெண்டு பாக்ஸ் எறக்கிட்டா அப்டியே தூக்கிடும்"னார். தூக்கியது. டிரம்ஸில் விழுந்த முதல் அடிக்கே தகரக் கொட்டகை சரிந்ததுபோல ஆகி, சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார். நந்தினி, "அண்ணா, சத்தத்த ஏத்த ஏத்த எதிரொலியும்தான் ஏறுது. பெரிய பாக்ஸ நிறுத்திட்டு, சின்னதா ரெண்ட ஜனங்க பக்கத்துல கீழ பார்த்து வைங்க"ன்னா. டிரம்ஸை மூட்டை கட்டிவிட்டு, உட்கார்ந்து தட்டுகிற மரப்பெட்டி ஒன்றை எடுத்தார்கள். சுவருக்குத் துணி கட்ட வேண்டும் என்றார்கள். ரமணாசிரமம் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் நண்பர் கண்ணாயிரத்திடம் ஓடி, ஆட்டோ கொள்ளும் மட்டும் மெத்தையும் கம்பளியும் வாரிக்கொண்டு வந்தேன். அதில் ஒன்றில் ஆளுயரப் புலிப் படம். அவசரத்தில் அதை மேடைக்கு நேர் பின்னால் கட்டிவிட்டார்கள். சம்பந்தியம்மா என்னைத் தனியே அழைத்து, "எங்க பொண்ணு தென்றல் தலைக்கு மேல எதுக்குங்க வாய பொளந்துனு நிக்குது?"ன்னு கேட்டாங்க. எதிரொலியை விளக்க அது நேரமில்லை. வாஸ்து என்று சொல்லிவிட்டேன்.

இத்தனை செய்தும் குரல் கொழகொழவென்றுதான் வந்தது. "ஆளுங்க நெறஞ்சிட்டா எதிரொலி கம்மியாயிடும்பா. எப்ப வருவாங்க?" என்று கேட்டாள் மகள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேதி பார்த்தவனும் நான்தானே! அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளையெல்லாம் ஊருக்கு வெளியே மடக்கிவிட்டார்கள். நம் உறவினர் முக்கால்வாசிப் பேர் தற்காலிக பஸ் ஸ்டாண்டுகளில் மாட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்தபடி இருந்தார்கள். உள்ளே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். வேதா முதல் வரிசையில் உட்கார்ந்து மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நந்தினி மேடையிலிருந்து அதைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன்.

என்ன தோன்றியதோ, மச்சான், பட்டு வேட்டியோடு வாசலுக்கு ஓடினேன். மலையைச் சுற்றிவிட்டுப் பஸ் பிடிக்க நடந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து, "உள்ள வாங்க, சாப்டுட்டுப் போங்க! பாட்டு முடியற வரைக்கும் உக்காந்தா போதும்!"னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு அம்மா சந்தேகமாகப் பார்த்து, "யார் வூட்டுக் கல்யாணம்ங்க?" என்றார். "உங்க வூட்டுக் கல்யாணம்னு நெனச்சுக்குங்கம்மா"ன்னேன். செங்கத்துக்காரர்கள், சித்தூர்க்காரர்கள், தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டவர்கள், கால் வலிக்கிறது என்று நாற்காலிக்காகவே வந்தவர்கள், எல்லோரும் பையும் துண்டுமாக வந்து உட்கார்ந்தார்கள். உட்கார உட்கார மண்டபத்தின் வாய் அடங்கியது.

நந்தினி பாடத் தொடங்கினாள். நான் வேதாவின் கையைத் தொட்டு, காதைக் காட்டினேன். வேண்டாவெறுப்பாக மெஷினை மாட்டினாள். முகம் சுளிப்பாள் என்று காத்திருந்தேன். சுளிக்கவில்லை. அசையாமல் இருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "என்னங்க, ரெண்டாவது வரில மூச்சு பத்தலயே இவளுக்கு. அங்க ஒழுங்கா சாப்டறாளா இல்லயா?" என்றாள். பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. கத்தியதால் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்றதை ஊரே சொல்லியிருக்கும். நம் உறவினர் வந்து சேர்ந்தபோது நாற்காலி இல்லை, பந்தியில் உப்புமாதான் கிடைத்தது. சம்பந்தி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆகவே அனுபவப்பட்டவன் சொல்கிறேன்: உங்கள் பெண் ஆர்த்தி கல்யாணத்துக்கு இந்த மண்டபமும் வேண்டாம், பாட்டுக் கச்சேரியும் வேண்டாம். ஒரு நாதஸ்வரம், திறந்தவெளிப் பந்தல், போதும்.

அக்காவுக்கு நமஸ்காரம். ஆர்த்திக்கு எங்கள் ஆசிகள். முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும்.

தங்கள் அன்புள்ள,
கோதண்டராமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது வேதா வாங்கிப் படித்தாள். ஆர்த்தி ரிசப்ஷனுக்கு அதே மண்டபத்தை அவள் நேற்றே பேசி முடித்துவிட்டாளாம். நந்தினியை இந்த முறை டிரம்ஸோடு வரச் சொல்லியிருக்கிறாளாம். எனவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, வரும்போது ஊரிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டி வாருங்கள். பாட்டு ரசிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. உட்காரத் தெரிந்தால் போதும்.