பத்தாவது பெயில் கண்டக்டர்

வடக்கனந்தல் தாண்டியதும் வெள்ளிமலை பஸ் நின்றது. எதிரே ஒரு புளியமரம் குறுக்கே படுத்திருந்தது. எண்பத்தேழாம் வருஷம், இட ஒதுக்கீட்டுப் போராட்டம். ரோட்டோர மரங்களுக்கெல்லாம் அப்போது படுப்பதுதான் வேலை. டிரைவர் வேடியப்பன் பீடி பற்றவைத்தார்.

கண்டக்டர் சுப்புராயனுக்கு அது வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். தத்துவத்தில் எம்.ஏ. முடித்து நாலு வருஷம் சும்மா கிடந்தவன். "ஜாஸ்தி படிச்சவன் நமக்கு வாணாம்பா" என்று மாட்டுத் தீவனக் கடைக்காரரே துரத்திய பிறகு, பஸ் முதலாளியிடம் பத்தாவது பெயில் என்று சொல்லித்தான் இந்தப் பையைத் தோளில் மாட்டினான்.

வேலை கேட்கப் போன அன்றும் வாய் சும்மா இருக்கவில்லை. "வண்டி லேட்டானா சனங்களுக்கு இன்னா சொல்லுவ?" என்று முதலாளி கேட்க, "லேட்டுன்னு எதை வெச்சு சொல்றீங்க?" என்றுவிட்டான். முதலாளி ஏற இறங்கப் பார்த்து, "காலையில வந்துடு" என்றார். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டான். படிப்பு தெரிந்தால் வேலை போச்சு.

கோடாலியோடு போராட்டத் தலைவர் கண்ணாயிரம் வந்தார். பின்னால் நாற்பது பேர்.

"வண்டி மலை ஏறாது."

"சரிங்க. நீங்க மறிக்கிறது வண்டியையா, ரோட்டையாங்க?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். நாற்பது பேரும் இரண்டு கட்சியானார்கள். "வண்டியைத்தான்" என்ற கட்சி, அப்படியானால் அது திரும்பியும் போகக்கூடாதே என்று பின்னால் போய் இன்னொரு மரத்தைச் சாய்த்தது.

"நல்லா கேட்ட போ!" என்றாள் சாலம்மாள், மடியில் ரெண்டு கோழியோடு. "நான் எப்ப வெள்ளிமலை போறது?"

சமாதானம் சொல்லப் போனான். "போறதும் நிக்கிறதும் மனசுலதாம்மா இருக்குது."

"கோழிக்கு மனசு இருக்குதா?"

"அது... உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

"அப்ப அதுங்களுக்கு எதுக்குய்யா டிக்கெட் போட்ட?"

பஸ்ஸே சாலம்மாள் பக்கம் சேர்ந்தது. கண்ணாயிரம் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுப் படியேறினார். "கோழிக்கு மனசு இல்லியா? எங்க வூட்டுக் கோழி கோச்சிக்கினு ரெண்டு நாள் தீனி எடுக்கலியே!"

சத்தம் வலுத்ததில் வெளியே ஒருவர் கண்ணாடியைக் குறி பார்த்துக் கல்லை ஓங்கினார்.

"அண்ணே!" சுப்புராயன் பதறினான். "அது கல்லுன்னு எப்படித் தெரியும்?"

"கனக்குதேய்யா!"

"கனம் கல்லுல இருக்குதா, ஒங்க கையில இருக்குதாண்ணே?"

அந்த ஆள் ஓங்கிய கையோடு யோசிக்க ஆரம்பித்தார். டீ வந்தது, இடது கையால் வாங்கிக் குடித்தார். வலது கை சாயங்காலம்வரை இறங்கவில்லை. ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டும் போனது.

சாலம்மாள் மரத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற ஜீப்பில் மலையேறிவிட்டாள். பொழுது சாய்ந்ததும், கோழி விஷயத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று போராட்டக்காரர்களே பின்மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள்.

கள்ளக்குறிச்சி ஷெட்டில் இறங்கும்போது சுப்புராயன் அழாத குறை.

"எட்டு மணி நேரம் லேட்டுண்ணே. நான் பேசினதெல்லாம் மொதலாளி காதுக்குப் போவும். எம்.ஏ. பிலாசபின்னு தெரிஞ்சா அவ்வளவுதான்."

ஷெட்டில் நின்ற மற்ற ஆறு பஸ்ஸிலும் கண்ணாடி என்று ஒன்றில்லை. வேடியப்பன் தன் வண்டியின் முன்கண்ணாடியைத் துணியால் ஆசையாகத் துடைத்தபடி, அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அது தெரிஞ்சுதான் தம்பி ஒன்ன வெச்சாரு, போன கண்டக்டர் பொருளாதாரம் எம்.ஏ., எட்டே நிமிஷத்துல கண்ணாடி பூரா போச்சு."