விரல் ஐயாவின் எழுத்துப் பலகை

பேச்சு நின்றுபோனவர்களை எல்லாம் விரல் ஐயா பேசவைக்கிறார் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. மருந்துக்கடையில் வரிசையில் நின்றவர்கள்கூட வரிசை மாறி இங்கே வந்துவிட்டார்கள். மண்டபத்தில் நாற்பது பேர். பாதிப் பேர் சக்கர நாற்காலியில், மீதிப் பேர் அதைத் தள்ளிக்கொண்டு. கட்டணம் கிடையாது. மேசைமேல் ஒரு பெட்டி மட்டும் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

முறை ரொம்ப எளிது. ஐயா நோயாளிக்கு எதிரே உட்காருவார். செயலிழந்த கையைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்தி, எழுத்துப் பலகைமேல் பிடிப்பார். நோயாளியின் சுட்டுவிரல் எழுத்துக்கு எழுத்து தாவும். எழுதுவது உள்ளே இருக்கும் ஆன்மாவாம். கையின் பாரத்தை மட்டும்தான் ஐயா தாங்குகிறாராம். வந்த ஆன்மாக்கள் எல்லாம் ஒரே நடையில் எழுதின. அதை யாரும் கவனிக்கவில்லை.

தையல்காரரின் மனைவி மூன்று வாரமாக வந்துகொண்டிருந்தாள். சட்டைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்த மனிதர் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டார். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்ததில் பேச்சும் வலது கையும் ஒரே நாளில் போயின. வெறும் மயக்கம்தானே, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று அவள் இரண்டு மணி நேரம் சும்மா இருந்துவிட்டாள். அந்த இரண்டு மணி நேரம் அவளை இன்னும் விட்டபாடில்லை. இதை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். மண்டபத்தில் டோக்கன் கொடுக்கும் அம்மாள், "மனசுல இருக்கறதை இறக்கி வைம்மா" என்று தோளைத் தடவியபோது.

அடுத்த வாரமே பலகை எழுதியது: "மனைவியே, நீ தாமதித்தாய். இரண்டு மணி நேரம் என்னைக் கிடக்கவிட்டாய். எனக்குப் பயிற்சி வேண்டாம். இங்கேயே அழைத்து வா."

முப்பது வருஷமாக அவளை 'இந்தாம்மா' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர் அவர். கை நீளம், தோள் அகலம் தவிர வாழ்க்கையில் வேறெதையும் எழுதியவரும் இல்லை. அழுகிற அவசரத்தில் அவளுக்கு இதெல்லாம் தோன்றவில்லை. மறுநாளே பயிற்சியை நிறுத்திவிட்டாள்.

அந்தப் பயிற்சியைக் கொடுத்துவந்தவர் மறுவாழ்வு நிலையத்து உளவியலாளர், நடுவயதுப் பெண். கட்டைவிரலை உயர்த்தினால் ஆமாம், உள்ளங்கையைக் கவிழ்த்தால் இல்லை என்று தையல்காரரின் இடது கைக்கு ஆறு வாரம் பழக்கியிருந்தார். தினமும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நீங்க பூனையா?" கேள்வி மூளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதில் தெரிந்துவிடும். கட்டைவிரல் உயர்ந்த நாட்களில் அதற்குமேல் வரும் எந்தப் பதிலையும் அவர் நம்பமாட்டார்.

நான்கு நாள் பார்த்துவிட்டு அவரே வீட்டுக்கு வந்தார்.

"அவரே எழுதிட்டார் மேடம், பயிற்சி வேண்டாம்னு."

"அவர் வேண்டாம்னா நிறுத்திடறேன். ஆனா சொன்னது அவர்தானான்னு மட்டும் பார்த்துக்கலாமா?"

"நான்தான் என் கண்ணால பார்த்தேனே."

"எழுதும்போது அவர் கண்ணு எங்க இருந்தது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். கண் மேலே ஓடும் மின்விசிறியில் இருந்தது. பலகை கீழே மேசையில் இருந்தது. மறுநாள் கணவரோடு உளவியலாளரையும் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"தாராளமா சோதிங்க," என்றார் விரல் ஐயா, கூட்டத்தைப் பார்த்து. "உண்மைக்கு என்ன பயம்?"

உளவியலாளர் ஓர் அட்டையை எடுத்து ஐயாவுக்கும் தையல்காரருக்கும் நடுவே நிமிர்த்திப் பிடித்தார். இரண்டு பக்கமும் படம். "இதுல என்ன இருக்குன்னு அவர் எழுதட்டும்."

சாவி என்று விரல் எழுதியது. சாவிதான். கைதட்டல். அடுத்த அட்டைக்கு மீன் என்று எழுதியது. மீன்தான். இரண்டு பேர் எழுந்து போய்ப் பெட்டியில் பணம் போட்டார்கள்.

மூன்றாவது அட்டை. குடை என்று விரல் வேகமாக எழுதியது. ஆன்மா அத்தோடு நிற்கவில்லை. "நாம் மழையில் நனைந்த காலம் நினைவுக்கு வருகிறது" என்று கொசுறாக ஒரு வரியும் கொடுத்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குக் குடை எதுவும் தெரியவில்லை. அவள் பக்கத்துப் படம் கத்தரிக்கோல். தையல்காரர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் திறந்து மூடின, திறந்து மூடின. அவர் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

உளவியலாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிக் கூட்டத்துக்குக் காட்டினார். ஐயா பக்கம் குடை. தையல்காரர் பக்கம் கத்தரிக்கோல். முதல் இரண்டு அட்டைகளில்தான் இரண்டு பக்கமும் ஒரே படம்.

"கத்தரிக்கோலைப் பார்த்ததும் அவருக்குக் குடை ஞாபகம் வந்திருக்கலாமே," என்றார் கண்ணைத் துடைத்தவர்.

"சந்தேகம் இருக்கிற இடத்துல சக்தி இறங்காது," என்றார் ஐயா.

"முதல் ரெண்டு அட்டைக்கு இறங்கிச்சேங்க. இன்னும் ஒண்ணு பார்க்கலாமா?"

ஐயாவுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய்விட்டது.

"அப்போ அந்த ரெண்டு மணி நேரத்தை எழுதினது யாரு?" என்று மனைவி டோக்கன் அம்மாளைப் பார்த்துக் கேட்டாள். டோக்கன் அம்மாளுக்கு அந்த நேரம் பார்த்து டோக்கன்களை அடுக்கும் வேலை வந்துவிட்டது.

மனைவி நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு அந்த இடது கையைத் தன் மடியில் வைத்தாள். பிடித்துக்கொள்ளவில்லை, சும்மா வைத்தாள்.

"நீங்க பூனையா?"

உள்ளங்கை கவிழ்ந்தது. முகத்தின் நல்ல பாதி சிரித்தது.

"நான் லேட்டா கூப்பிட்டேன்னு என்மேல கோவமா?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை மெதுவாகக் கவிழ்ந்தது. கவிழ்ந்த கை அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவள் வாய்விட்டு அழுதாள்.

"பயிற்சிக்குப் போலாமா?"

பிடியை விடாமலே கட்டைவிரல் எழுந்தது.

மண்டபம் மூடவில்லை. மறுநாள் வாசலில், உள்ளே அட்டைகள் கொண்டுவரக் கூடாது என்று ஓர் அறிவிப்பு தொங்கியது. அதைப் படித்துவிட்டு நாற்பது பேர் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். ஏன் கூடாது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடிபட்ட மூளைக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அடிபடாத மூளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்றுதான் தெரியவில்லை.