பம்ப் அண்ணாவின் கன்னடம்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் மீனுக்காக மூச்சு வாங்கிய மனிதர் பம்ப் அண்ணா ஒருவர்தான். சொந்தப் பேர் என்ன என்று கேட்டால் அவர் மனைவி கலா அக்காவே கொஞ்சம் யோசிப்பார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் கார்மெண்ட்ஸில் தைக்கிறேன். அவருக்கு செக்யூரிட்டி வேலை. ஹாலில் பாதி மீன் தொட்டி. மீதியில் குடும்பம்.

தொட்டிக்குக் காற்று விடும் பம்பைத் தரையில் வைக்க மாட்டார். கரண்ட் போனால் தண்ணீர் ட்யூப் வழியாக இறங்கி பம்புக்குள் போய்விடுமாம். அதனால் தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கும். சுவர் அதிரக்கூடாது என்று நடுவில் தன் ஸ்வெட்டரை மடித்துக் கொடுத்தார். குளிருக்கு அவர் துண்டைப் போர்த்திக்கொண்டார்.

கரண்ட் இல்லாதபோது ட்யூபை வாயில் வைத்து ஊதுவார். விருந்தாளியும் தப்ப முடியாது. காப்பிக்கு முன்னால் ஊத வேண்டும். கலா அக்காவின் தம்பி ஒருமுறை ஊதினார். அதற்கப்புறம் போனில்தான் பேசுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பு ஓடியது, குமிழி வரவில்லை. போர் தண்ணீர் உப்பு, குமிழி விடும் கல்லை அடைத்திருக்கும் என்று கல்லைக் கழற்றினார். அப்போதும் வரவில்லை. பம்பைத் திறந்தார். காற்றைத் தள்ளுகிற ரப்பர் கிழிந்திருந்தது. அக்காவை ரப்பர் வாங்க சிவாஜிநகருக்கு அனுப்பிவிட்டு ஊத உட்கார்ந்தார்.

மாடியிலிருந்து ஓனரம்மா வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனாலும் கன்னடத்தில் பேசினால்தான் மரியாதை என்பது அண்ணாவின் எண்ணம். ட்யூபை எடுக்காமலே, "காளி மாடுத்தீனி அம்மா" என்றார்.

கன்னடத்தில் காற்றுக்குக் 'காளி' என்று பேர். காற்று விடுகிறேன் என்று இவர் சொன்னார். வீட்டைக் காலி பண்ணுகிறேன் என்று அந்தம்மா காதில் விழுந்தது.

கேட்டில் டு-லெட் போர்டு ஏறியது. பெங்களூரில் போர்டு ஆடி நிற்பதற்குள் ஆள் வந்துவிடும். ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். மீனைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அண்ணா சந்தோஷப்பட்டார். அந்த ஆளையும் கொஞ்சம் ஊதச் சொன்னார். அவரும் ஊதிவிட்டுப் போய், வீடு பிடித்திருக்கிறது, நாளைக்கே வருகிறோம் என்று வாசலில் ஓனரம்மாவிடம் சொன்னார்.

நான் உள்ளே ஓடினேன். "அண்ணா, வீட்ட வேற ஆளுக்குக் குடுக்கறாங்க. போய்ப் பேசுங்க."

அவர் தொட்டியைக் காட்டினார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் ஊதுகிறேன் என்றேன். போன தடவை ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிட்டேன். அதனால் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

ஓனரம்மாவைக் கூட்டி வந்தேன். உன் வாயால்தானே சொன்னாய் என்று சத்தம் போட்டார். அண்ணா ஊதினார். கண் சிவந்து, நெற்றியில் நரம்பு புடைத்தது.

"மனே பேகா, மீன் பேகா?"

வீடு வேண்டுமா, மீன் வேண்டுமா. அண்ணா ட்யூபை எடுத்து, "ரெண்டும்" என்றார். திரும்ப வைத்துக்கொண்டார்.

ஓனரம்மா கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ட்யூபை வாங்கி முந்தானையில் துடைத்தார்.

"நான் ஊதறேன். நீ பேசுப்பா. தமிழ்லயே பேசு."

அவர் பேசினார். ஓனரம்மாவுக்குச் சிரிப்பு வாயில் வரவில்லை. தொட்டியில் குமிழியாக வந்தது.

போர்டு இறங்கியது. பொழுது சாய அக்கா ரப்பரோடு வந்தார்.

இப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். நான் ஊருக்குப் போனால் வீட்டுச் சாவியை அண்ணாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போவேன்.