பூட்டு உடையாத திருட்டு

தூசி தட்டலாம் என்று எலாடியோ இரும்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

பூட்டு உடையவில்லை. ஒரே சாவி, அதுவும் அவர் கழுத்தில். குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. அப்புறம் எப்படி? காணாமல் போனது, நின்றுபோன இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து ஓடவைக்கும் கருவி. மண் தளத்தில் பந்து உருட்டி ஆடும் பாய்சாண்டு ஊர் போச்சாஸ் மன்றத்துக்கு ஊரே சேர்ந்து வாங்கித் தந்தது. "எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்" என்று பூட்டுப் போட்டவரே தலைவர் எலாடியோதான்.

வெளியே சொன்னால் மானம் போகும். தட்டிப் பார்த்தால் காலியென்று தெரியக் கூடாதே என்று, ஆட்டப் பந்து ஒன்றை உள்ளே வைத்துப் பூட்டினார்.

மறுநாள் உறுப்பினர் துல்சியோ பெட்டிமேல் சாய்ந்தார்.

"தலைவரே, உள்ள என்னமோ உருளுது?"

"பேட்டரி."

"பேட்டரி உருளுமா?"

"புது மாடல்ப்பா!"

பந்து குறைந்ததால் போட்டி நின்றது. "பக்கத்து மன்றத்துக்காரங்க எடுத்திருப்பாங்க" என்று எலாடியோ வாயை விட்டார். அவ்வளவுதான், பக்கத்து மன்றம் மொத்தமும் மத்தே தேநீர்க் குடுவையோடு வந்து நின்றது.

"எங்களையாய்யா பந்துத் திருடனுங்கன்னு சொன்னே?"

பதில் சொல்ல வாயெடுத்த எலாடியோ, அப்படியே மண் தளத்தில் சரிந்தார். பேச்சு இல்லை, மூச்சும் இல்லை.

கண் விழித்தபோது மருத்துவமனை. நெஞ்செல்லாம் வலி. கட்டிலருகே துல்சியோவும், மன்றத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கும் நிவியாவும்.

"ஆம்புலன்ஸ் உடனே வந்துச்சா?" என்றார் ஈனக் குரலில்.

"அதுக்குக் காத்திருந்தா நீங்க இருந்திருக்க மாட்டீங்க" என்றாள் நிவியா. "இவரு நெஞ்சை அமுக்கினாரு, நான் மிஷினை ஒட்டினேன். 'தொடாதீங்க'ன்னு அதுவே சொல்லிச்சு. ஒரே ஷாக்தான்."

"எந்த மிஷின்?"

"நம்ம மிஷின்தான். என் கடை வாசல்ல, தெருவுக்கே தெரியுற மாதிரி மாட்டியிருக்கேன். நீங்கதான் சர்க்கரைன்னு அந்தப் பக்கமே எட்டிப் பாக்குறதில்லையே!"

எலாடியோவுக்கு வலி மறந்துபோனது. "அடிப்பாவி! பூட்டைத் தொறக்காம எப்படி எடுத்தே?"

துல்சியோ சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிவியா போர்வையைச் சரிசெய்தாள்.

"நீங்க பூட்டு வாங்கக் கடைக்குப் போனப்பவே எடுத்தாச்சு தலைவரே. நீங்க பூட்டுனதே காலிப் பெட்டியைத்தான்."