கேற்றடியார் வளவு மறியல்

இலங்கையில் எத்தனையோ மறியற்சாலைகள் இருக்கின்றன. உயர்ந்த மதில், முள்ளுக்கம்பி, துவக்கோடு காவல் எல்லாம் இருந்தும் கைதி தப்பியோடிய செய்தி இடைக்கிடை பத்திரிகையில் வந்துவிடும். ஒரு கைதிகூடத் தப்பியோடாத மறியற்சாலை இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வன்னியில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, பாதி வேலி இல்லாத ஒரு வளவுக்குள் இருந்தது. அங்கே மொத்தமாக இருந்த கைதியே ஒருவன்தான் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

அந்த மறியலுக்கு அதிபதியை ஊர் முழுக்கக் கேற்றடியார் என்றுதான் சொல்லும். தாய் தகப்பன் வைத்த பெயர் கூட்டுறவுச் சங்கக்கடைப் பதிவில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தச் சங்கக்கடைக்கு நான்தான் மனேச்சர். ஆனாலும் அவருக்குச் சாமான் நிறுக்கும்போது என் வாயிலும் கேற்றடியார்தான் வரும். மனிசன் தெற்கே பெரிய மறியல் ஒன்றில் முப்பது வருடம் காவலராக இருந்தவர். அந்த முப்பது வருடமும் பெரிய கேற்றடியிலேயே நின்றவர். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. வருகிறவனுக்குத் திறந்தார், போகிறவனுக்குத் திறந்தார், பிறகு பூட்டினார்.

ஓய்வு பெற்று ஊருக்கு வருகிறவர்கள் சுவர் மணிக்கூடு கொண்டுவருவார்கள், சாய்மனைக் கதிரை கொண்டுவருவார்கள். இவர் லொறியில் ஒரு இரும்புக் கேற் கொண்டுவந்தார். ஆளை விட உயரம். நடுவே ஒரு குட்டிக் கதவு, அந்தக் குட்டிக் கதவில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு ஓட்டை. இரண்டு பக்கமும் சீமெந்துத் தூண் கட்டி அதை நிமிர்த்தி வைத்தார். வேலி மட்டும் காய்ந்த முள்ளுக் கொப்புகளை அடுக்கிய பழைய அலம்பல் வேலியாகவே கிடந்தது. மாடு உடைத்த இடம், ஆடு நுழைந்த இடம், கறையான் தின்ற இடம் என்று பார்த்த பக்கமெல்லாம் பொட்டு, ஆள் நுழைகிற அளவு ஓட்டை. கேற்றுக்கு வலப்பக்கம், வேலி திரும்புகிற மூலையில் இருந்த பொட்டுக்குள்ளால் ஒரு பசு கன்றோடு தாராளமாகப் போய் வரும்.

ஊர்ச் சனம், ஆடு, கோழி, அவருடைய மனைவி தெய்வானை அக்கா, எல்லோருக்கும் அந்தப் பொட்டுத்தான் வழி. கேற்றடியார் ஒருநாளும் அதற்குள்ளால் போனதில்லை. கொட்டுகிற மழையிலும் கேற்றடியில் நின்று திறப்பை எடுத்து, பூட்டைத் திறந்து, உள்ளே வந்து, திரும்பப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் போவார். ஒருமுறை திறப்பைத் தொலைத்துவிட்டு அரைநாள் ரோட்டிலே நின்றார். தெய்வானை அக்கா பொட்டுக்குள்ளால் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதே பொட்டுக்குள்ளால் திரும்பிப் போனார்.

புதிதாக ஊருக்கு வந்த நான் மரியாதைக்காகக் கேற்றில் தட்டினேன். ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. யாரைப் பார்க்க வந்தது, என்ன உறவு, கையில் என்ன என்று கண் விசாரித்தது. அவர் கடையில் மறந்துவிட்டுப் போன சீனியைக் கொடுக்க வந்தேன் என்றேன். குட்டிக் கதவைத் திறந்து என் சேர்ட்டுப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, சீனிச் சரையையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். அதற்குள் என் பின்னால் வந்த தபால்காரர் பொட்டுக்குள்ளால் போய்க் குசினி வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

வளவில் ஒரு பாலைமரம். அதன் கொப்பில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். விடிய எழும்ப ஒரு அடி, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு அடி, பொழுதுபடக் கணக்கெடுப்புக்கு ஒரு அடி. ஊரே அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. அவர் காய்ச்சலில் படுத்த ஒருநாள் பள்ளிக்கூடம் பிந்தித்தான் தொடங்கியது. கணக்கெடுப்பு என்றால் ஆடு கோழிக் கணக்கெடுப்பு. எல்லாவற்றையும் எண்ணி முடித்து, யாரும் இல்லாத முற்றத்தில் விறைப்பாக நின்று, எல்லாம் சரி என்று அறிவிப்பார். ஒருநாள் ஒரு பேட்டுக் கோழி குறைந்துவிட்டது. கேற்றைப் பூட்டி, அக்கம்பக்கத்து இளந்தாரிகளை நாலு திக்கும் அனுப்பித் தேடவைத்தார். கடைசியில் தெய்வானை அக்கா குசினியால் வெளியே வந்து, மத்தியானம் இரண்டுதரம் கறி கேட்டு வாங்கித் தின்றது யார் என்று ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்குக் கணக்கெடுப்பு அதோடு முடிந்தது.

இப்படிப்பட்டவருடைய மறியலுக்கு ஒரு உண்மையான கைதி வந்து சேர்ந்த கதைதான் நான் சொல்ல வந்தது.

செல்லத்துரையர் என்று ஒரு மிளகாய்த் தோட்டக்காரர். அவருடைய இறைப்பு மிசின் ஒருநாள் களவு போய்விட்டது. தோட்டக்காரனுக்கு மிசின் போவது என்றால் கிணறு போவது மாதிரி. விடியற்காலையில் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு வரம்பில் குந்தியிருக்க, காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு இளந்தாரி வந்தான். தலையில் மிசின். முகமெல்லாம் முள்ளுக் கீறல். நேரே செல்லத்துரையரிடம் வந்து, "ஐயா, மாங்குளம் ரோட்டுக்கு எப்படிங்க போறது?" என்று கேட்டான்.

அவன் பெயர் மாரிமுத்து. மலையகத்தான். எழுபத்தேழுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய சனத்தோடு சின்னப் பெடியனாக வன்னிக்கு வந்தவன். வந்த வழியில் தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட, கண்ட கண்ட இடத்தில் கூலிக்கு நின்று வளர்ந்தவன். தேயிலை மலையில் மேலே ஏறினால் ஒரு ஊர், கீழே இறங்கினால் ஒரு ஊர். வன்னிக் காட்டில் மேலும் இல்லை, கீழும் இல்லை. மிசினைத் தூக்கிக்கொண்டு விடிய விடிய நடந்தவன் எடுத்த இடத்திலேயே வந்து மிதந்திருக்கிறான். களவெடுத்த பொருளைச் சொந்தக்காரனிடமே சுமந்துகொண்டுவந்து வழி கேட்ட கள்ளனை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

அவனைச் சங்கக்கடை முன்னால் மரத்தில் கட்டிவைத்தார்கள். ஊர் கூடிவிட்டது. நாலு சாத்துச் சாத்தினால் நாற்பது பேர் திருந்துவார்கள் என்றார்கள் சிலர். அடித்தால் முரடனாவான், திருத்தத்தான் வேண்டும் என்றார் பள்ளிக்கூட வாத்தியார். எப்படி என்று கேட்டதற்கு அவர் வானத்தைப் பார்த்தார். செல்லத்துரையர் பொலிஸ்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த நாட்களில் கேட்க ஆளில்லாத ஒரு இளந்தாரியைப் பொலிசில் கொடுத்தால், அவன் எப்போது, எப்படித் திரும்பி வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது. மாரிமுத்துவுக்கும் அது தெரிந்திருந்தது. அவன் கெஞ்சவில்லை. மரத்தோடு மரமாக நின்றான்.

அப்போதுதான் கேற்றடியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"செல்லத்துரை, நான் முப்பது வரியம் கேற்றடியிலை நிண்டவன். அடிச்சுத் திருந்தினவனையும் காணேல்லை, புத்தி சொல்லித் திருந்தினவனையும் காணேல்லை. வெளியாலை விட்டவன் ரோட்டிலை நிண்டு இஞ்சாலை ஒருக்காப் பாப்பான், அங்காலை ஒருக்காப் பாப்பான். ஒருத்தரும் வந்திருக்கமாட்டினம். பிறகு தன்பாட்டிலை நடப்பான். கொஞ்ச நாளிலை நானே அவனுக்குத் திருப்பிக் கேற் திறந்து உள்ளுக்கு விடுவன்."

அவர் தொடர்ந்தார். "இவனை என்னட்டை விடுங்கோ. உம்மடை மிளகாயிலை கடைசிப் பழம் பறிச்சு முடியுமட்டும் மறியல். ஒருக்கா ஓடினானெண்டாலும், அவனுக்குப் பதிலாப் பொலிசுக்கு நான் போறன்."

செல்லத்துரையர் யோசித்தார். தண்டனை இல்லாமல் தன் மனம் ஆறாது என்றார். அப்படியென்றால் தண்டனையை நீரே சொல்லும் என்றார் கேற்றடியார். காலையில் மிசினை வீட்டிலிருந்து தோட்டத்துக்கும், பொழுதுபடத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கும் தலையில் தூக்கவேண்டும், களவெடுத்த அதே தலையில், என்று செல்லத்துரையர் தீர்ப்புச் சொன்னார்.

இப்படித்தான் மாரிமுத்து இரும்புக் கேற்றுக்குள்ளே போனான். கேற்றடியாருடைய முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோசத்தை நான் அவருடைய மகளின் கலியாணத்தில்கூடக் காணவில்லை. அவனை வேலிப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிச் சோதித்தார். போட்டிருந்த சேர்ட்டை வாங்கி, விடுதலையாகும்போது தருவதாகச் சொல்லி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மாற்றிக்கொள்ளத் தன்னுடைய சேர்ட்டைக் கொடுத்தார். அதற்குள் இரண்டு மாரிமுத்து போகலாம். தெய்வானை அக்கா வந்து, முதலில் அவனுக்குச் சோற்றைக் கொடுங்கோ, பிறகு உங்கடை சட்டத்தைப் பாருங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் விடிய மாரிமுத்து மிசினோடு போவான். முன்னால் அவன், பின்னால் பூவரசந்தடியோடு செல்லத்துரையர். பார்க்க ஏதோ சாமி ஊர்வலம் போலவே இருக்கும். கொஞ்ச நாளில் செல்லத்துரையர் தடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். பிறகு ஒருநாள் தன் பழைய சால்வையைச் சும்மாடாகச் சுருட்டி அவன் தலையில் வைத்துவிட்டதை நானே கண்டேன். கேட்டதற்கு, மிசின் நசுங்காமல் இருக்கத்தான் என்றார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒருநாள் பொழுதுபட்ட கணக்கெடுப்பில் ஆடு சரி, கோழி சரி, கைதியைக் காணவில்லை.

தண்டவாளத்தை அவர் அடித்த அடியில் ஊர் திரண்டுவிட்டது. கேற் பூட்டினபடியே இருந்தது. கேற்றடியார் உள்ளே போய் வெள்ளை வேட்டி உடுத்துக்கொண்டு வந்தார். பொலிசுக்குப் போகும் உடுப்பு. தெய்வானை அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். செல்லத்துரையர் பாவம், நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று அவர் பின்னால் திரிந்தார்.

அந்த நேரம் மூலைப் பொட்டுக்குள்ளால் முதலில் ஒரு ஆட்டுக்குட்டி வந்தது. அதன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு மாரிமுத்து வந்தான். குட்டி காட்டுக்குள் ஓடிவிட்டதாம், கணக்குக் குறைந்தால் ஐயா ஏசுவாரே என்று பிடிக்கப் போனானாம். தாய் ஆட்டை எண்ணியவர் முதல்நாள் இரவு போட்ட குட்டியை எண்ண மறந்துபோனார்.

சனம் சிரித்தது. கேற்றடியார் சிரிக்கவில்லை. "உவ்வளவு பெரிய கேற் இருக்க, ஏன்ரா பொட்டாலை வந்தனி?" என்று கேட்டார்.

"கேட்டு பூட்டியிருந்திச்சுங்க ஐயா."

அவனைத் திரும்பப் பொட்டுக்குள்ளாலேயே வெளியே அனுப்பி, ரோட்டால் சுற்றி வரச் சொல்லி, கேற்றைத் திறந்து, தடவிச் சோதித்து, முறைப்படி உள்ளே எடுத்தார். ஆட்டுக்குட்டியையும் அப்படியே எடுத்தார். பூட்டைப் பூட்டி, அன்றைக்கு அதை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தார்.

கடைசிப் பழமும் ஆய்ந்து முடிந்தது. செல்லத்துரையர் செடியைப் பிடுங்க மனமில்லாமல் இன்னும் ஒரு கிழமை தண்ணீர் விட்டுப் பார்த்தார். காய்ந்த செடியில் பழம் வருமா? விடுதலை நாள் வந்துவிட்டது. மாரிமுத்து முதல்நாளே தெய்வானை அக்காவிடம் தனக்குப் போக இடமில்லை என்று சொல்லியிருக்கிறான். அக்கா அதைப் புருசனிடம் சொல்லியிருக்கிறார். செல்லத்துரையர் தன் தோட்டத்தில் வைத்துக்கொள்வதாகக்கூடச் சொல்லிப் பார்த்தார். கேற்றடியார் யாருக்கும் மசியவில்லை.

"தண்டனை முடிஞ்சவனை ஒரு நாள் கூட வைச்சிருந்தால், அது நான் எடுக்கிற களவு" என்றார்.

எனக்குச் சரியான கோபம். ஆடு கோழிக்குக் காட்டுகிற இரக்கம் இந்த மனிசனுக்கு ஆளில் இல்லையே என்று வாய்விட்டே சொன்னேன். அவர் காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

அலுமாரியைத் திறந்து அவனுடைய சேர்ட்டை எடுத்தார். தெய்வானை அக்கா அதைத் தோய்த்து, கிழிந்த இடமெல்லாம் தைத்து வைத்திருந்தார். மாரிமுத்து அதைப் போட்டுக்கொண்டான். கேற்றடியார் குட்டிக் கதவை விட்டுவிட்டுப் பெரிய கேற்றையே விரியத் திறந்தார். அவன் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு வெளியே போனான். பின்னால் கேற் மூடியது. பூட்டு விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

நாங்கள் கொஞ்சப் பேர் ரோட்டின் எதிர்ப்பக்கம் ஒரு மர நிழலில் நின்றோம். அவனைக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. மாரிமுத்து எங்களைப் பார்க்கவில்லை. ரோட்டில் நின்று ஒட்டுசுட்டான் பக்கம் ஒருமுறை பார்த்தான். மாங்குளம் பக்கம் ஒருமுறை பார்த்தான். கேற்றடியார் சொன்ன அதே பார்வை.

அப்போது மூலைப் பொட்டில் அலம்பல் முறிகிற சத்தம் கேட்டது. முதலில் ஒரு நரைத்த தலை வந்தது. பிறகு ஒரு தோள். முள்ளில் மாட்டிய வெள்ளை வேட்டியை யாரோ உள்ளே இருந்து பிடித்து இழுப்பது போல ஒரு இழுபறி. சர்ரென்று அது கிழிந்து, கேற்றடியார் ரோட்டில் வந்து விழாத குறையாக நின்றார். தன் வாழ்நாளில் ஒருநாளும் அந்தப் பொட்டுக்குள்ளால் வராத மனிசன். வேட்டியைத் தட்டி, கலைந்த தலையைத் தடவிவிட்டுக்கொண்டு, தூரத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஆள் மாதிரி மாரிமுத்துவிடம் நடந்து போனார்.

"கனநேரம் நிண்டனியோ மோனை? வா, வீட்டை போவம்."

மாரிமுத்து அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். அவர் அவனுடைய கையைப் பிடித்து எழுப்பினார். கேற்றடிக்குக் கூட்டிவந்து, மடியிலிருந்து திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தார். அவனைத் தடவிப் பார்க்கவில்லை. உள்ளே தெய்வானை அக்கா தேத்தண்ணியோடு நின்றார். என் பக்கத்தில் நின்ற செல்லத்துரையர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாழ்பட்ட மிளகாய்த் தூள் என்றார். அந்தப் பக்கத்தில் மிளகாய் இடிக்கிற ஒருவரும் இல்லை.

பிறகு எனக்கு வேலை மாற்றம் வந்தது. எத்தனையோ ஊர், எத்தனையோ பஸ் நிலையம். இன்றைக்கும் தெரியாத ஊரில் இறங்கினால் இந்தப் பக்கம் ஒருமுறை பார்ப்பேன், அந்தப் பக்கம் ஒருமுறை பார்ப்பேன். எனக்காகவும் ஒருவர் வேட்டி கிழிய வந்து நிற்கமாட்டாரா என்றிருக்கும்.